கணக்கு ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி தேவை? விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகள் சொல்லும் பாடம்

பத்தாம் வகுப்பு கணக்கில் சென்டம் எடுத்தவர்கள் 2023-ல் 3,649 பேர். 2024-ல் 20,691 பேர். 2025-ல் வெறும் 1,996 பேர். நடுவில் ஒரு வருஷம் மட்டும் தமிழ்நாட்டு கணக்கு ஆசிரியர்கள் எல்லாரும் பிரமாதமாக நடத்திவிட்டு, அடுத்த வருஷம் மறந்துவிட்டார்களா என்ன? கேள்வித்தாள் எளிதாக இருந்ததா, கடினமாக இருந்ததா என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன. ஆனால் ரிசல்ட் வந்ததும் முதல் கேள்வி ஆசிரியரிடம்தான் போகிறது.

இதோடு இப்போது டெட் தேர்வும் சேர்ந்துகொண்டது.

டெட் யாருக்கு?

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமானால் தேர்ச்சி அவசியம். தீர்ப்பை மறுஆய்வு செய்யச் சொல்லி தமிழ்நாடு அரசும் மனு போட்டது.

நம்ம ஊர் பட்டதாரி ஆசிரியர் 6 முதல் 10 வரை எடுப்பவர். அதனால் அவருக்கும் இது பொருந்தும். டெட் இரண்டாம் தாளில் மொத்தம் 150 கேள்விகள். கணக்கும் அறிவியலும் சேர்ந்தே 60-தான். மீதி 90 கேள்விகள் குழந்தை மேம்பாடு, இரண்டு மொழிகள். இருபது வருஷமாகக் கணக்கு மட்டும் எடுத்தவர், தூக்கம் கெடுத்து அறிவியலும் இலக்கணமும் படிக்க வேண்டும். படிப்பது நல்லதுதான். ஆனால் நாளைக்குக் காலையில் வகுப்பில் நிற்கும்போது அது உதவுமா?

வகுப்பறையில் நிஜப் பிரச்சினை என்ன?

ஒன்பதாம் வகுப்பு மாணவர் –3 –5 என்றால் 8 என்று எழுதுகிறார். ஏன்? 'மைனஸும் மைனஸும் ப்ளஸ்' என்று மனப்பாடம் ஆகியிருக்கிறது. அது பெருக்கலுக்கான விதி என்பது எங்கேயோ கழன்றுவிட்டது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்கிறார். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டிவிட்டார். இரண்டுமே கவனக்குறைவு இல்லை. இரண்டுக்கும் மாணவரிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முறை தேவை. பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தவருக்கு வகைநுண்கணிதம் தெரியும். கடன் வாங்கிக் கழிப்பதை 14 வயதுப் பையனுக்கு, அவன் கூச்சப்படாமல், முதலிலிருந்து எப்படிச் சொல்வது என்பதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

2025-ல் தொடங்கிய 'திறன்' திட்டம் கேட்பது இதைத்தான். 6 முதல் 9 வரை பின்தங்கிய மாணவர்களுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படையைத் திரும்பக் கற்பிக்க வேண்டும். இங்கே இன்னொரு சிக்கல். பத்தாம் வகுப்பில் பாஸ் மார்க் 35. வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. மொத்தம் 30 ஆச்சு. இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் கேள்விகள் போட்டால் பாஸ். அதனால் தொடுகோட்டையும் வடிவொத்த முக்கோணத்தையும் திரும்பத் திரும்ப வரைய வைத்தால், பின்னம் தெரியாத மாணவரும் தேறிவிடலாம். பாலிடெக்னிக் சேர்ந்த முதல் மாதமே மாட்டிக்கொள்வார்.

பயிற்சி எப்படி வந்து சேர்கிறது?

மாநில அளவில் சிலருக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு, பிறகு வட்டார வள மையத்துக்கு, கடைசியில் குறுவள மையத்துக்கு. விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருப்பது மயிலத்தில், திண்டிவனத்துக்குப் பக்கம். மேலே ஐந்து நாள் சொன்னது, கீழே வரும்போது ஒரு நாள் ஸ்லைடாகச் சுருங்குவது பல ஆசிரியர்களின் புகார்.

சின்ன உயர்நிலைப் பள்ளிகளில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர்தான். மரக்காணம் பக்கமோ மேல்மலையனூர் பக்கமோ கணக்கு ஆசிரியர் ஒரு நாள் பயிற்சிக்குக் கிளம்பினால், அன்றைக்கு ஐந்து வகுப்புகளுக்கும் கணக்கு கிடையாது. அவர் தயங்குவது சோம்பலால் இல்லை.

பணமும் ஒரு விஷயம். பயிற்சிக்கான நிதி பெரும்பாலும் சமக்ர சிக்ஷா வழியாக வருவது. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது என்று தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. தேசிய கல்விக் கொள்கையோ ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது.

வேறு வழி இருக்கிறதா?

ஜப்பானில் பழகிப்போன ஒரு முறை உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து மாணவர்களின் நோட்டைப் பார்க்கிறார்கள். பிறகு பேசுகிறார்கள்.  தமிழ்நாட்டுக்கும் இது அந்நியம் இல்லை. சென்னை முத்தியால்பேட்டை பள்ளியின் கணக்கு ஆசிரியர் பி.கே. சீனிவாசன், செலவில்லாத பொருட்களை வைத்தே கணக்கு சொல்லித் தந்து, ஆசிரியர்களையும் பழக்கியவர். இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965 முதல் சென்னையில் இயங்குகிறது.

குறுவள மையம் ஏற்கனவே இருக்கிறது. ஓலக்கூர், மயிலம், வல்லம் மாதிரி அடுத்தடுத்த ஒன்றியங்களின் கணக்கு ஆசிரியர்கள் நான்கைந்து பேர், மாதம் ஒரு மதியம், –3 –5 பற்றி மட்டும் பேசினாலும் போதும். அந்த மதியத்துக்கு மாற்று ஆசிரியரை யார் அனுப்புவது என்பதைக் கல்வித் துறைதான் முடிவுசெய்ய வேண்டும். தீர்ப்பு கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசமோ 2027 ஆகஸ்ட்டோடு முடிகிறது.