பட்டமரம் வெறும் விறகு அல்ல



நேற்று நம் குடும்ப குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார்: "காட்டுல நிக்கிற நாலு மொட்டைப் பனையையும் வெட்டிருவோம், பிளாட் போடும்போது இடைஞ்சல். போதாக்குறைக்கு மரங்கொத்தி வேற வந்து பக்கத்துத் தென்னையைக் கெடுக்குது." கீழே பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தீர்கள். அதில் ஆறு பேர் என்னிடம் படித்தவர்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

மூன்று மாதமாகக் காலையில் அந்தப் பனைகளுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறேன். மூன்றாவது பனையில் பொன்முதுகு மரங்கொத்தி ஜோடி ஒன்று பொந்து குடைந்தது. ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்நெற்றி கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். இரண்டும் மாறி மாறிக் குடைந்தன. இப்போது மாறி மாறி இரை கொண்டுவருகின்றன. உள்ளே குஞ்சு இருக்கிறது.

தென்னையைக் கெடுக்கிறது என்கிறீர்கள். இளங்காயைக் கொத்துவதாகச் சில இடங்களில் புகார் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் தேடித் தின்பது எறும்பும் கறையானும் வண்டுப் புழுவும்தான். இரை தேடும்போது பெரும்பாலும் புழு பூச்சி இருக்கிற இடத்தில்தான் அது தட்டும். மரத்துக்கு நோய் வந்ததற்கு, வந்து பார்க்கிற வைத்தியரைத் திட்டுவதா?

இன்னொன்று. போன வருடம் இரண்டாவது பனையில் இது குடைந்த பொந்தில் இப்போது பச்சைக்கிளி குடியிருக்கிறது. மைனாவும் புள்ளி ஆந்தையும்கூட இப்படி விட்டுப்போன பொந்துகளைத் தேடும். அவற்றுக்கு மரத்தைக் குடையும் அலகு கிடையாது. மரங்கொத்தி கொத்தனார், மற்றவை எல்லாம் வாடகை தராத குடித்தனக்காரர்கள். அந்த ஆந்தை தின்கிற எலியையும் பூச்சியையும் உங்கள் பிளாட்டில் யார் பிடிப்பார்?

இரை தேடும்போதும் அது தனித்துப் போவதில்லை. ஜோடியாக வரும். சில நாள் மைனா, கரிச்சான் கூட்டத்தோடும் சேர்ந்து வரும். அண்ணன் தம்பி ஒரே வரப்பில் நடக்காத காலத்தில், இனம் வேறான பறவைகள் ஒன்றாகச் சாப்பிடுகின்றன.

பனை நம் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். "பட்ட பனைக்கு எவன் அனுமதி கேட்பான்?" என்பீர்கள். உயிருள்ள பனையைவிட இந்த மொட்டைப் பனையில்தான் இன்று உயிர் அதிகம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பட்டமரம் என்றால் விறகு என்று வகுப்பில் உங்களுக்குச் சொன்னவனே நான்தான். அது தவறான பாடம். திருத்திக்கொள்ளுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் அரிவாளோடு அந்தப் பக்கம் போகவேண்டாம். பறந்த பிறகும், நாலில் இரண்டு பனையையாவது எல்லையோரம் நிற்க விடுங்கள். அந்த இடத்துக்கான பணத்தை என் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் வேண்டாம். சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.