வாங்கும்போது சின்ன கார், ரிப்பேர்னு வந்தா பெரிய கார்!

பி.காம். மூணாம் வருஷம் படிக்கிறவன் காரைப் பத்தி என்னத்த எழுதப் போறான்னு நினைக்காதீங்க. இது இன்ஜினைப் பத்தினது இல்லை, பில்லைப் பத்தினது. பில் எங்க டிபார்ட்மென்ட் :-)

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். காசு கொடுத்து ஒரு வண்டியை வாங்கினவனுக்கு, அதோட ஸ்பேரை எந்தக் கடையிலயும் வாங்கவும், எந்த மெக்கானிக்கிட்டயும் மாட்டிக்கவும் உரிமை இருக்கணும். பெரிய கார் வச்சிருக்கிறவருக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். சின்ன கார் வச்சிருக்கிறவருக்கு இது மாசச் சம்பளம்.

முதல்ல வியாபாரக் கணக்கைப் பார்ப்போம். சின்ன கார் விக்கிறதுல ஒரு வண்டிக்குக் கிடைக்கிற லாபம் ரொம்பக் கம்மி. போட்டி அதிகம், விளம்பரத்துல போடற விலையை ஏத்த முடியாது. அதனால விட்டதைப் பிடிக்கிற இடம் சர்வீசும் ஸ்பேரும். ரேசரை மலிவா கொடுத்துட்டு பிளேடுல சம்பாதிக்கிற பழைய கதைதான். ஆனா ஒரு வித்தியாசம். பிளேடு விலை ஏறினா அம்பது ரூபாய்க்கு வேற ரேசர் வாங்கிக்கலாம். காரை அப்படி மாத்த முடியுமா? அஞ்சு வருஷம் இ.எம்.ஐ. கட்டி வாங்கினது. வாங்கின நிமிஷத்துல இருந்து நாம அந்தக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவங்க. ஷோரூம்ல மைலேஜ் எவ்வளவுன்னு கேட்கிறோம். ஹெட்லைட் என்ன விலைன்னு யாராவது கேட்கிறோமா? கேட்டாலும் விலைப் பட்டியலை எடுத்து யார் நீட்டப் போறாங்க?

அடுத்தது "அசெம்பிளி" என்கிற மந்திரச் சொல். ஹெட்லைட்டைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் காது ஒண்ணு உடைஞ்சா முழு ஹெட்லைட் மாத்தணும். லோயர் ஆர்ம்ல ரப்பர் புஷ் தேஞ்சா முழு ஆர்ம் மாத்தணும். "தனியா வராது சார், அசெம்பிளியாத்தான் வரும்." சர்வீஸ் அட்வைசர் இதை எவ்வளவு பணிவா சொல்வார் தெரியுமா!

எங்க வீட்டுலயே நடந்தது. அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு சின்ன ஹேட்ச்பேக். மளிகைக் கடைக்குச் சரக்கு எடுக்கறதுக்கும் அதே வண்டி, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கும் அதே வண்டி. டிராஃபிக்ல நின்னா இன்ஜின் சூடு ஏற ஆரம்பிச்சது. எங்க தெரு மெக்கானிக் அண்ணன் அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டார். ரேடியேட்டர் ஃபேனோட வேகத்தை மாத்துற ரெசிஸ்டர் போயிருக்கு. கட்டைவிரல் அளவு சாமான். "தம்பி, மோட்டார் நல்லாத்தான் ஓடுது, இது மட்டும் கிடைச்சா மாட்டிடலாம்"னார். வெளிக்கடையில இல்லை. டீலர்கிட்ட போனா அது தனியா வராதாம். ஃபேன், மோட்டார், கூடு எல்லாம் சேர்ந்த அசெம்பிளி, ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதுவும் ஸ்டாக் இல்லை, முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டிட்டுக் காத்திருக்கணும். பன்னிரண்டு நாள் வண்டி வாசல்லயே நின்னது. அந்த நாட்கள்ல சரக்கு ஆட்டோவுக்குக் கொடுத்த வாடகையை அப்பா நோட்டுல தனியா எழுதி வச்சிருக்கார். கடைசியில நல்லா ஓடிட்டிருந்த மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசை மாட்டினாங்க.

இதுல டீலர் கவுன்ட்டர்ல உட்கார்ந்திருந்தவர் மேல எனக்குக் கோபம் இல்லை. அவர் கம்ப்யூட்டர்ல இருக்கிற பார்ட் நம்பரைத்தான் அவரால விக்க முடியும். என் கோபம் அந்த ஏற்பாட்டு மேல.

"அதுக்குச் சட்டம் இல்லையா?"ன்னு கேட்கலாம். இருக்கு. நம்ம நாட்டுலயே பெரிய கேஸ் நடந்திருக்கு. 2011ல ஒரு தனிமனிதர் இந்தியப் போட்டி ஆணையத்துல (அதாங்க, சி.சி.ஐ.) புகார் கொடுத்தார். மூணு கம்பெனி மேல கொடுத்த புகார், விசாரணையில பதினேழு கம்பெனி வரைக்கும் நீண்டது. 2014 ஆகஸ்ட் 25ல 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். டாடா மோட்டார்ஸ், மாருதி, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா எல்லாம் அந்த லிஸ்ட்ல உண்டு. 2015ல ஹூண்டாய்க்குத் தனியா 420 கோடி.

அந்தத் தீர்ப்புல எனக்குப் பிடிச்ச வாதம் ஒண்ணு. கார் மார்க்கெட்ல நாங்க சின்ன ஆளு, போட்டி கடுமையா இருக்குன்னு கம்பெனிகள் சொல்லிச்சு. ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? கார் விக்கிற மார்க்கெட் வேற, அந்தக் காருக்கு ஸ்பேர் விக்கிற மார்க்கெட் வேற. முதல் மார்க்கெட்ல நீ பத்துல ஒருத்தனா இருக்கலாம், ரெண்டாவது மார்க்கெட்ல நீ மட்டும்தான். வாங்கும்போதே ஆயுள் முழுக்க ஆகப்போற செலவைக் கணக்குப் போட்டுத்தான் ஜனங்க வாங்கறாங்கன்னு சொன்ன சால்ஜாப்பையும் ஏத்துக்கல. அந்தக் கணக்குப் போடத் தேவையான தகவலே வாங்கறவன் கையில இல்லையே!

அபராதத்தோட நிக்கல. ஸ்பேரையும் பழுது கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்யணும், ஸ்பேர் எம்.ஆர்.பி.யை வெப்சைட்டில போடணும்னு உத்தரவு போட்டது.

அப்புறம்? வேறென்ன, அப்பீல்தான். 2016 டிசம்பர்ல தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் கேஸ்ல தப்பு தப்புதான்னு சொல்லிட்டு, அபராதத்தை மொத்த டர்ன்ஓவர்ல போடாதே, ஸ்பேர் சர்வீஸ் வருமானத்துல மட்டும் போடுன்னு குறைச்சது. இன்னும் சில கம்பெனிகள் ஹைகோர்ட்டுக்குப் போய், போட்டிச் சட்டமே செல்லுமான்னு கேட்டாங்க. 2019ல டெல்லி ஹைகோர்ட் அதுல பெரும்பாலான பிரிவுகள் செல்லும்னு சொல்றதுக்குள்ள எத்தனை சின்ன கார் காயலாங்கடைக்குப் போயிருக்கும்! 2022ல மத்திய அரசு "பழுது பார்க்கும் உரிமை"க்கு ஒரு கமிட்டி போட்டு, டிசம்பர்ல ஒரு இணையதளமும் திறந்தது. கார்களும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஆனா இணையதளத்துல தகவல் கொடுக்கிறது வேற, கொடுக்காட்டி தண்டனைன்னு சட்டம் இருக்கிறது வேற.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாகாணத்துல 2012ல மக்கள் ஓட்டுக்கே விட்டாங்க. எண்பது சதவீதத்துக்கு மேல "வேணும்"னு ஓட்டுப் போட்டாங்க. ஒரு மாகாணத்துக்கு ஒரு விதமா செய்ய முடியாதுன்னு 2014ல கம்பெனிகளே நாடு முழுசுக்கும் ஒப்பந்தத்துக்கு வந்தாங்க.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் பார்ப்போம். பாதுகாப்பு! டூப்ளிகேட் பிரேக் பேட் மாட்டி ஏதாவது ஆனா யார் பொறுப்பு? நியாயமான கேள்வி. பிரேக், ஏர்பேக் விஷயத்துல விளையாடக் கூடாதுன்னு நானும் சொல்றேன். ஆனா ஃபேன் ரெசிஸ்டர்ல என்ன ரகசியம்? பவர் விண்டோ சுவிட்ச்ல என்ன உயிர் ஆபத்து? இன்னொண்ணு, டூப்ளிகேட் எங்க வளருது? ஒரிஜினல் கிடைக்காத இடத்துலயும், கிடைச்சாலும் கட்டுப்படியாகாத இடத்துலயும்தான். ஒரிஜினலைப் பூட்டி வச்சுட்டு டூப்ளிகேட்டைத் திட்டினா எப்படி?

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல இன்னொரு வயித்தெரிச்சல் உண்டு. கார் கம்பெனிகள் நிறைய பாகங்களைத் தாங்களே செய்றது இல்லை, சப்ளையர்கிட்ட வாங்குறாங்க. சென்னையில பாடி, அம்பத்தூர்ல இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இருக்கிறது அந்த மாதிரி ஃபேக்டரிகள்தான். ஆனா கம்பெனியோட டிசைன்ல செஞ்ச பாகத்தைச் சப்ளையர் நேரா கடைக்கு விக்க முடியாதபடி பல ஒப்பந்தங்கள்ல கட்டுப்பாடு. அதே ஆணையத் தீர்ப்பு இதையும் தப்புன்னு சொன்னது. அதாவது நம்ம பக்கத்து ஊர்ல செஞ்ச சாமான், கம்பெனி குடோனுக்குப் போய், டப்பா மாறி, டீலர் வழியா நம்மகிட்ட வரணும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைக்காரர் அதைக் கண்ணாலயும் பார்க்க மாட்டார்.

சின்ன காருக்கு ஏன் இது அதிக வலின்னு எங்க பாடத்துலயே இருக்கு: தேய்மானம். இன்ஷூரன்ஸ் கணக்குப்படி அஞ்சாவது வருஷம் முடியறப்போ வண்டியோட மதிப்பு பாதி. ஸ்பேர் விலைக்குத் தேய்மானமே கிடையாது, ஏறத்தான் செய்யும். அதே இன்ஷூரன்ஸ்ல, சாதாரண பாலிசியா இருந்தா பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் நாமதான் கட்டணும். ரிப்பேர் செலவு வண்டி மதிப்புல முக்கால்வாசியைத் தாண்டினா "டோட்டல் லாஸ்"னு எழுதிடுவாங்க. ஓடக்கூடிய வண்டி, வெறும் ஸ்பேர் விலையால காயலாங்கடைக்குப் போகுது. 2025 செப்டம்பர்ல ஸ்பேருக்கு ஜி.எஸ்.டி.யை ஒரே சீரா 18 சதவீதம் ஆக்கினது நல்ல விஷயம்தான். ஆனா வரியைக் குறைச்சா மட்டும் அசெம்பிளியில இருந்து ரெசிஸ்டர் தனியா கழண்டு வந்துடாது.

1983ல வந்த மாருதி 800 ஏன் முப்பது வருஷம் ஓடுச்சு? விலை மட்டும் காரணம் இல்லை. எந்த ஊர்ல நின்னாலும் பக்கத்துல ஒரு மெக்கானிக்குக்கு அதைத் தெரியும், பக்கத்துக் கடையில சாமான் கிடைக்கும். ஏழைக்கு ஏத்த கார்னா அதுதாங்க இலக்கணம்.

அதுவரைக்கும் நாம செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க. பார்ட் நம்பரைக் கேட்டு, அதை வச்சு வெளிக்கடையில விசாரிங்க. கழட்டின பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிட்டு வாங்க, அது உங்க சொத்து. புதுக் கார் வாங்கப் போறவங்க மைலேஜ் கேட்கிறதுக்கு முன்னாடி, ஹெட்லைட், பம்பர், கிளட்ச், சாவி இந்த நாலுக்கும் விலை கேளுங்க. நூறு பேர் கேட்டா ஷோரூம்காரர் பட்டியல் எடுத்து வைப்பார்.

எங்க மெக்கானிக் அண்ணனுக்கு நாற்பது வயசு. கைத்தொழில் அத்தனையும் தெரியும். ஆனா இப்ப வர்ற வண்டிகளுக்கு ஸ்கேனர் இல்லாம பல வேலையைத் தொட முடியலைன்னு டூவீலர் பக்கம் போயிட்டிருக்கார். அவர் மாதிரி ஆட்கள் ஒவ்வொருத்தரா ஷட்டரை இறக்கிட்டா, அப்புறம் ஸ்பேரைத் திறந்து விட்டு என்ன பிரயோஜனம்? மாட்டறதுக்கு ஆள் வேணுமே!