அறிவுக் களஞ்சியத்தின் ஆங்கிலப் பூட்டு

செங்கற்பட்டு மாவட்டத்து நெம்மேலி, கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் நெருக்க, இடையே கிடக்கும் கடற்கரைச் சிற்றூர். அதன் வடக்கே சில கல் தொலைவில், கோவளத்தில், நடுவணரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்திற்குக் களநிலையம் ஒன்று உண்டு. அதனை அடுத்த முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை உள்ளது. மேற்கே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் வேளாண் அறிவியல் நிலையம் நடத்துகின்றனர். நெம்மேலியிலேயே, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரத்தக்க கடல்நீர் நன்னீராக்கும் ஆலை 2013இல் எழுந்தது. ஒரு பகற்பொழுதிற்குள் சென்று மீளக்கூடிய எல்லைக்குள் இத்துணை அறிவுக் களஞ்சியங்கள்! எனினும், நெம்மேலி உழவனொருவன் இவற்றுள் ஏதேனும் ஒன்றன் வாயிலில் நின்று, "என் நிலத்தில் உப்பு ஏறுகின்றது, இதுபற்றி நீங்கள் இதுவரை கண்டவற்றை யான் படித்தறியத் தருக" என்று கேட்பானாயின், அவன் கையில் கொடுப்பதற்குத் தமிழில் முழுமையாக எழுதிய ஏடு எத்துணை இருக்கும்?

ஆய்வே நடைபெறவில்லை என்று நாம் கூறவில்லை. உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1987இல் தோன்றியது. பத்தே ஆண்டுகளில், 1997இல், கொடுவா மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கவைத்து, இந்நாட்டில் முதன்முதலாக வெற்றி கண்டது. 2015இல் பால்கெண்டையிலும் அவ்வெற்றி கிட்டியது. இவை பெருமைக்குரிய பணிகளே. ஆயின், அப்பணிகளின் வரலாறு எம்மொழியில் எழுதிவைக்கப்பட்டுள்ளது? எந்நீரில் மீன் முட்டையிட மறுத்தது, எத்தீனி பயன்படாது போயிற்று, எத்தனை முறை குஞ்சுகள் மடிந்தன, அதற்குற்ற ஏது யாது என்பனவெல்லாம் ஆங்கில இதழ்களிலும் ஆங்கில ஆண்டறிக்கைகளிலும் அடங்கிவிடுகின்றன. வலைஞனுக்கு வந்து சேர்வது, இதனைச் செய்க, இதனை இடுக, இவ்வளவு இடுக என்னும் துண்டறிக்கை. அவனுக்குக் கட்டளை கிடைக்கின்றது; அதற்குரிய கரணியம் கிடைப்பதில்லை. நீரும் நிலமும் மாறும்போது கரணியம் தெரிந்தவனே தன் செய்முறையை மாற்றிக்கொள்வான். கட்டளை மட்டும் தெரிந்தவன் கைபிசைந்து நிற்பான்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 1994, 1995ஆம் ஆண்டுகளில் கீழைக் கடற்கரை நெடுகிலும் இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் அழித்தது. கடன்பட்டுக் குளம் வெட்டியவர்கள் இறால் கரையொதுங்கிச் சாவதைக் கண்டு திகைத்தனர். அந்நோய் வானத்தினின்று வீழ்ந்ததன்று. 1992, 1993ஆம் ஆண்டுகளிலேயே தைவானிலும் சப்பானிலும் அது காணப்பட்டு, அறிஞர்களால் எழுதப்பட்டுமிருந்தது. எழுதப்பட்ட அவ்வறிவு ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்கும், ஆய்வகத்தினின்று குளக்கரைக்கும் நடந்து வருவதற்குள் நோய் கப்பலேறி வந்துவிட்டது.

நம் மக்களுக்கு எழுதிவைக்கும் பழக்கமே இல்லை என்று கூறும் மேதைகளும் உளர். அவர்கள் இச்செங்கற்பட்டு மண்ணின் வரலாற்றையே படிக்கட்டும். 1767 முதல் 1774 வரை தாமசு பார்னார்டு என்னும் வெள்ளையர், கிழக்கிந்தியக் கும்பினியின் பொருட்டு இப்பகுதியில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்கிற்கு அடிப்படையாய் நின்றவை எவை? ஊர்க்கணக்கர்கள் பனையோலையில் தமிழால் எழுதிய ஏடுகளே! வீடுகள் எத்தனை, ஏரியும் குளமும் எத்தனை, நன்செய் எவ்வளவு, விளைந்தது எவ்வளவு, விளைவில் எவரெவர்க்கு எவ்வளவு பங்கு என ஊர்தோறும் எழுதியிருந்தனர். தரம்பால் போன்ற ஆய்வாளர்கள் பின்னாளில் அவற்றை எடுத்துக்காட்டிய பின்னரே நாம் அவற்றின் அருமையை அறிந்தோம். ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. படிப்பு மிகாத அக்காலத்தில் ஊர்தோறும் தமிழில் எழுத முடிந்த வேளாண் கணக்கு, இத்துணைப் பல்கலைக்கழகங்கள் உள்ள இக்காலத்தில் முடியாதாம்!

வேளாண் கல்வி இங்குப் புதியதும் அன்று. 1868இல் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண் பள்ளியே 1906இல் கோவைக்குப் பெயர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அப்பல்கலைக்கழகம் தன் இளமறிவியல் வேளாண்மைப் படிப்பைத் தமிழ்வழியிலும் தொடங்கியது 2021-22இல்! சைதாப்பேட்டையினின்று தமிழுக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு!

அறிவு ஒருவழிப் பாதையிலேயே செல்வது மற்றொரு கேடு. கேரளக் கடலோர உழவர்கள் உப்புநீரில் வளர்த்துக் காத்த நெல் பொக்காளி. அதன் உவர்தாங்கும் மரபுக்கூற்றைப் பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டறிந்து, 'சால்டால்' எனப் பெயரிட்டனர். இன்று உலகெங்கும் உவர்நில நெல்லாய்வில் அப்பெயர் வழங்குகின்றது. காத்தவனின் சொல் எங்கே போயிற்று? நம் நாகைக் கரையோரத்துக் குழியடிச்சான் நெல்லும் உவர்நிலம் தாங்குவதே. அதனை எப்பருவத்தில் எவ்வாறு விதைத்தனர், எந்நிலத்தில் தவிர்த்தனர் என்பது முதியோர் நினைவில் உள்ளது. அதனை அவர்தம் சொல்லிலேயே எழுதி, சொன்னவர் பெயரையும் பொறித்து, நூலகத்தில் வைப்பதும் ஆய்வு நிறுவனத்தின் கடமையே. அம்முதியவர் மறையுங்கால் அவ்வேடும் எரிந்துபோகும்.

தமிழில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. இதே கடற்கரையில், புதுவைப் பகுதியில், 1998 முதல் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊர்தோறும் அறிவு நடுவங்கள் அமைத்தனர். அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தினின்று அலையின் உயரத்தை எடுத்து, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். கட்டுமரம் தள்ளுவதா வேண்டாவா என்பதை வலைஞரே அதனைக் கேட்டு முடிவு செய்தனர். 2004இல் ஆழிப்பேரலை வந்த நாளில், சிங்கப்பூரினின்று வந்த தொலைபேசிச் செய்தி நல்லவாட்டு நடுவத்தின் ஒலிபெருக்கி வழியே ஊருக்குச் சென்றது. மக்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தனர். அன்று ஆங்கிலத்தில் அறிவித்திருந்தால் எத்தனைப் பேர் ஓடியிருப்பர்?

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், தன் ஆய்வுகளை அனைவரும் தடையின்றிப் படிக்கலாம் என்னும் கொள்கையை 2013இல் ஏற்றது. நல்ல கொள்கையே. ஆயினும் தமிழுழவனுக்கு அக்களஞ்சியம் இன்னும் பூட்டியே கிடக்கின்றது. தமிழகத்து மண்ணிலும் நீரிலும் நடைபெறும் ஒவ்வோர் ஆய்விற்கும், வெற்றியாயினும் தோல்வியாயினும், தமிழில் முழு அறிக்கை எழுதப்படல் வேண்டும். அது பக்கத்து நிறுவனத்திலும், ஊர் நூலகத்திலும் வைக்கப்படல் வேண்டும். கோவளத்தார் கண்டதை முட்டுக்காட்டாரும், அவ்விருவர் கண்டதைக் காட்டுப்பாக்கத்தாரும் அறியாவிடில், நெம்மேலியான் மூன்று வாயில்களில் மும்முறை நிற்க நேரும்.

நம் தனித்தமிழ் அன்பர்க்கும் ஒரு சொல். இவ்வறிக்கைகளுக்குக் கலைச்சொல் ஆக்கப் புகுவோர் அகரமுதலியை மட்டும் புரட்டுதல் கூடாது. கொடுவா என்பதும் பால்கெண்டை என்பதும் வலைஞர் வைத்த பெயர்கள். களரென்றும் உவரென்றும் மண்ணைப் பிரித்தறிந்தவன் உழவன். அவர்களைக் கேட்டறியாமல் ஆக்கும் சொல், தூய்மையாய் இருப்பினும் அவர்கள் வாயில் ஏறாது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொதுநிறுவனங்கள் தம் செய்திகளைப் பரப்புங்கால் அவ்வட்டார மொழியைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்று நான்காம் பிரிவில் கூறுகின்றது. ஆறாம் பிரிவு, வட்டாரத்தின் ஆட்சிமொழியிலேயே கேள்வி விடுக்கவும் உரிமை தருகின்றது. செங்கற்பட்டு மாவட்டத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் இத்திங்களிலேயே முட்டுக்காட்டிற்கும் கோவளத்திற்கும் தமிழில் ஒரு மடல் விடுப்பீராக: கடந்த பத்தாண்டுகளில் நீங்கள் முடித்த ஆய்வுகள் எத்தனை? அவற்றுள் தமிழில் முழு அறிக்கை உள்ளவை எவை? வரும் விடைகளை, விடை வாராமையையும்கூட, எமக்கு எழுதுங்கள். அவற்றை ஊர்ப்பெயருடன் இவ்விதழில் வெளியிடுவோம்.