பழைய கண்டென்சரில் இசை இல்லை

திருவண்ணாமலையில் ஓர் இளைஞர் முதன்முதலாக வால்வு கிட்டார் ஆம்ப்ளிபயர் கட்ட நினைத்தால் யாரிடம் போய் நிற்பார்? மைக்செட் வைத்திருப்பவரிடம்தான். தீபத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய தலைமுறை அது. வால்வு செட்டைத் திறந்து, சூட்டைத் தொட்டுப் பழகியவர்கள். அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அவர்களில் பலரும், உலகெங்கும் கிட்டார் வாசிப்பவர்கள் பலரும் ஒரே நம்பிக்கையைத்தான் கைமாற்றிக் கொடுக்கிறார்கள்: “சத்தத்தோட இனிமையே கண்டென்சர்லதான் தம்பி இருக்கு. பழைய ரேடியோவுல இருந்து கழட்டிப் போடு, இல்லேன்னா ஃபாரின்ல இருந்து வரவழை.”

இந்த நம்பிக்கை தவறு. புதிதாகக் கட்டுகிறவரின் காசை இது தின்கிறது. சில வேளை வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் எரித்தும் விடுகிறது.

ஒரு வால்வின் பிளேட்டில் 200 வோல்ட் டி.சி. நிற்கிறது என்று வையுங்கள். கிட்டாரின் சிக்னல் அதன் மேல் ஏறி வருகிறது. டி.சி.யைத் தடுத்து, சிக்னலை மட்டும் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு அனுப்புவது, அவர்கள் கண்டென்சர் என்று சொல்லும் கப்ளிங் கெப்பாசிட்டரின் வேலை. வழக்கமாகப் போடும் அளவு 0.022 மைக்ரோஃபாரட். பின்னால் 1 மெகா ஓம் இருந்தால், சுமார் 7 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத்தான் அது குறைக்கத் தொடங்கும். கிட்டாரின் தடித்த கம்பி ஒலிப்பதோ 82 ஹெர்ட்ஸில். அந்த இடத்தில் இழப்பு நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. உறையின் நிறமும் கம்பெனியின் பெயரும் புகுந்து வேலை செய்ய அங்கே ஏது இடம்?

அளவை மாற்றினால் கேட்கும். பின்னால் 220 கிலோ ஓம் இருக்கும்போது 0.022-ஐ எடுத்துவிட்டு 0.0047 போட்டுப் பாருங்கள். அந்த எல்லை 33 ஹெர்ட்ஸிலிருந்து 154 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. அடித்தொனி மெலிந்து, ஓவர்டிரைவ் இறுகிக் கேட்கும். தொனியைத் தேடுகிறவர் விளையாட வேண்டிய களம் இது. செலவோ சில ரூபாய்.

“நானே மாத்திப் போட்டேன், வித்தியாசம் கேட்டுச்சே” என்பார்கள். கேட்டிருக்கும். கழற்றியதையும் போட்டதையும் அளந்து பார்த்தீர்களா? பழைய கெப்பாசிட்டர்களில் உறையில் எழுதியதற்கும் உள்ளே இருப்பதற்கும் 20 சதவீதம் விலகல் அன்றைக்கே சகஜம். ஆண்டுகள் போகப் போக இன்னும் விலகும். கழற்றியது காகிதக் கெப்பாசிட்டர் என்றால் கசிவும் இருந்திருக்கும். கசிவு நின்றதால் தெளிந்த ஓசைக்கான புகழ் புதிய கெப்பாசிட்டரின் பிராண்டுக்குப் போய்ச் சேர்கிறது. தவிர, சாலிடர் செய்து மறுபடி மூட அரை மணி நேரம் ஆகும். முன்பு கேட்ட தொனியை அதே நுட்பத்தோடு அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்க எந்தக் காதாலும் முடியாது. ஒரே அளவுக்குப் பொருத்திய இரண்டை ஸ்விட்ச் வைத்து, எது எதுவென்று தெரியாமல் மாற்றிக் கேட்டு, பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லட்டும். அப்போது நான் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

வகை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மலிவான உயர் அளவு செராமிக், மேலே விழும் வோல்டேஜுக்கு ஏற்பத் தன் அளவையே மாற்றிக்கொள்ளும். தட்டினால் மைக் போலச் சத்தமும் கொடுக்கும். கப்ளிங்குக்கு அது வேண்டாம். பாலியெஸ்டரோ பாலிபுரொப்பிலினோ போதும்.

பழைய ரேடியோவிலிருந்து கழற்றிப் போடுவதைத்தான் நான் வன்மையாக எதிர்க்கிறேன். காகிதம் ஈரம் இழுக்கும். அதன் கசிவு 10 மெகா ஓம் அளவுக்கு வந்துவிட்டது, அடுத்த கிரிட்டில் 470 கிலோ ஓம் இருக்கிறது என்றால், 200 வோல்ட் பிளேட்டிலிருந்து 9 வோல்ட் அந்த கிரிட்டுக்கு இறங்கும். ஈ.எல்.84 வால்வுக்கு 250 வோல்ட்டில் தேவைப்படும் பயஸே மைனஸ் 7.3 வோல்ட்தான். கட்டுப்பாடு இழந்த வால்வு கரண்டை இழுத்து இழுத்துப் பிளேட் சிவக்கும். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அதோடு போகும். சிவக்கத் தொடங்கும் முன் வரும் அந்தக் கரகரப்பைத்தான் பழைய இனிமை என்று பலர் கொண்டாடுகிறார்கள்.

இந்த மயக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் பிலிப்ஸ் துணையோடு வால்வு செய்யத் தொடங்கியது. அந்த பி.இ.எல். வால்வு பெட்டி பிரிக்காமல் இன்று கிடைத்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் கண்ணாடிக்குள் இருப்பது வெற்றிடம். வால்வுக்குப் பொருந்தும் அந்த நியாயத்தைக் காகிதத்துக்கும் ஈர ரசாயனத்துக்கும் நீட்டியதுதான் பிழை.

வெளிநாட்டுச் சரக்கின் மகிமையும் இப்படித்தான். லியோ ஃபெண்டர் 1938-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். ரேடியோ தொழிலில் புழங்கிய பாகங்களே அவருடைய ஆம்ப்ளிபயர்களுக்குள்ளும் போயின. லண்டனில் ஜிம் மார்ஷலின் ஆட்கள் 1962-இல் ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துத் தங்கள் முதல் ஆம்ப்ளிபயரைக் கட்டியபோது, பிரிட்டனில் எளிதாகக் கிடைத்ததைக் கொண்டே கட்டினார்கள். பின்னாளில் மார்ஷல்களில் வந்து இன்று தங்க விலைக்கு விற்கும் கடுகு மஞ்சள் முல்லார்ட் கெப்பாசிட்டர், அந்நாளில் அங்கே சாதாரண ரேடியோ, டி.வி. செட்டில் கிடந்த பாலியெஸ்டர். அவர்கள் தங்கள் ஊர்க் கடையில் இருந்ததை வாங்கினார்கள். நாமும் அதையே செய்வோம்.

நமக்கு ஊர்க் கடை என்றால் சென்னை ரிச்சி தெரு, இல்லையென்றால் பெங்களூர் எஸ்.பி. ரோடு. திருவண்ணாமலையிலிருந்து இரண்டுமே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கப்ளிங்குக்கு 630 வோல்ட் பாலியெஸ்டர், 223 என்று அச்சடித்தது, கேளுங்கள். ஒரு டீ விலையைச் சுற்றித்தான் வரும். நாலு கூடுதலாக வாங்கி, மீட்டரில் அளந்து போடுங்கள்.

கவனத்தைச் செலுத்த வேண்டியது, பவர் சப்ளையில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில். அதைப் பற்றி இந்த நம்பிக்கைக்காரர்கள் வாயே திறப்பதில்லை. 250 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ரெக்டிபை ஆனதும் 353 வோல்ட் உச்சம் தொடும். நம் லைனில் 230 என்பது 250 ஆகும் இரவுகள் உண்டு. சிலிக்கன் டயோடு போட்டிருந்தால், வால்வு சூடாகிக் கரண்ட் இழுக்கும் முன் 400-ஐத் தாண்டுவது சாதாரணம். 350 வோல்ட் போட்டால் வெடிக்கும். 450 வோல்ட், 105 டிகிரி, அண்மையில் தயாரானது, பெயருள்ள கம்பெனி: இதில் கஞ்சம் கூடாது. கண்ணூரில் கெல்ட்ரான் நிறுவனமே எலக்ட்ரோலிட்டிக் செய்கிறது. சூடு 10 டிகிரி ஏற ஏற இதன் ஆயுள் பாதியாகும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் ரெக்டிபையர் வால்வை ஒட்டி இதை நிற்க வைக்கக் கூடாது. பெரிதாகப் போட்டால் நல்லது என்பதும் பொய். ஈ.இசட்.81 ரெக்டிபையருக்கு முதல் கெப்பாசிட்டர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது. இறக்குமதிக் கெப்பாசிட்டருக்கு எடுத்து வைத்த பணத்தை நல்ல அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுங்கள். தொனியில் அது நிச்சயம் கேட்கும்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் 47 மைக்ரோஃபாரடில் 350 வோல்ட் நிற்கும். உயிருக்கே ஆபத்து அது. அதன் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, அந்த ஒரு நிமிடம் பொறுத்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.