யானையைப் பார்த்தவர்கள்

1849இல் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டவர்கள் ‘யானையைப் பார்க்கப் போகிறோம்’ என்று சொல்லிக்கொண்டார்கள். காலராவும் களைப்பும் விரட்டப் பாதி வழியில் திரும்பியவர்கள், ‘யானையைப் பார்த்தாயிற்று’ என்றார்கள். ஆசை, அலைச்சல், ஏமாற்றம் எல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் இருந்தன. அக்காலத்து நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் இந்த யானை அடிக்கடி தென்படும். இன்று அது அகராதிக்குள் போய்விட்டது.

அமெரிக்க மேற்கின் கதைகள் நம்மில் பலருக்குச் சிவகாசி காமிக்ஸ் வழியாக வந்தவை. நாம் கொண்டாடிய டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்த நாயகன். குதிரையும் துப்பாக்கியும் நமக்கு நன்றாகவே பழகிவிட்டன. அந்த மண்ணின் பேச்சு மட்டும் இன்னும் வந்துசேரவில்லை. கதைகள் மறைத்த வரலாறு அந்தப் பேச்சில் இருக்கிறது என்பதால் இது எங்களுக்குச் சிறிய இழப்பாகத் தோன்றவில்லை.

1902இல் ‘தி வர்ஜீனியன்’ நாவலை எழுதிய ஓவன் விஸ்டர், அதற்கு ஏழாண்டு முன்பே ஒரு கட்டுரையில் மாட்டுக்காரனை ஆங்கிலோ-சாக்சன் வீரமரபின் வாரிசாக்கிவிட்டார். அந்த வாரிசின் வாயைக் கொஞ்சம் கவனியுங்கள். அவன் சுழற்றும் ‘லேரியட்’ கயிறு, மெக்சிகோ மாடுமேய்ப்பர்களின் ‘லா ரியாட்டா’. தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ‘பக்கரூ’, அவர்களுடைய ‘பகேரோ’. அவனை அடைக்கும் ‘ஹூஸ்கௌ’, ஸ்பானிய நீதிமன்றத்தின் பெயர். கயிற்றைச் சேணக் கொம்பில் சுற்றுவதற்கு அவன் சொல்லும் ‘டாலி’கூட, ‘ஒரு சுற்று சுற்று’ என்ற ஸ்பானியக் கட்டளையின் தேய்ந்த வடிவம். தொழிலைக் கற்றுக்கொடுத்தவனைக் கதையில் எடுபிடியாகவும் திருடனாகவும் ஆக்கினார்கள். அவன் கொடுத்த சொற்களை அவர்களால் விலக்க முடியவில்லை. 

இந்தப் பேச்சுக்கு இலக்கியத்தில் உரிய இடம் கொடுத்தவர் மார்க் ட்வைன். 1872இல் வெளிவந்த ‘ரஃபிங் இட்’ நூலின் 47ஆம் அத்தியாயத்தை இந்த இதழ் வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும். நெவாடாவின் வர்ஜீனியா சிட்டியில் பக் ஃபேன்ஷா என்பவன் இறந்துவிடுகிறான். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய, அவனுடைய நண்பன் ஸ்காட்டி பிரிக்ஸ், கிழக்கிலிருந்து வந்த இளம் பாதிரியாரைப் பார்க்கப் போகிறான். ஸ்காட்டிக்குத் தெரிந்தது சுரங்கமும் சீட்டாட்டமும். செத்தவன் தண்ணீர் ஓடும் மரக்கால்வாயோடு போய்விட்டான் என்கிறான்; ஆட்டம் முடித்துச் சூதாட்ட வில்லைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்கிறான். பாதிரியார் வேதக் கல்லூரித் தமிழில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பிடிபடவே இல்லை. சிரித்துக்கொண்டே படிக்கும்போது, நண்பனை இழந்தவனின் துக்கம் நம் தொண்டையை அடைக்கிறது. பிற்பாடு அதே ஸ்காட்டி ஞாயிறு பள்ளியில் யோசேப்பின் கதையைத் தன் கொச்சையிலேயே சொல்லிக்கொடுக்கிறான். பிள்ளைகள் ஆவலோடு கேட்கிறார்கள். கொச்சை பக்தியைக் கெடுக்கும் என்பவர்களுக்கு அந்த வகுப்பைவிட நல்ல பதில் இல்லை.

எல்லாரும் கொச்சையில் பேசியதாக எழுதுவதும் பிழை. சார்ல்ஸ் போர்ட்டிஸின் ‘ட்ரூ கிரிட்’ (1968) நாவலில் மேட்டி ராஸ் சொற்களைச் சுருக்காமல், விவிலியம் படித்த விறைப்போடு கதை சொல்கிறாள். அதுவும் அந்த நாட்டுப் பேச்சுதான். மாட்டுக்காரர்களின் சொற்களை அவர்களிடமே கேட்டுச் சேர்த்த ரமோன் ஆடம்ஸ், 1944இல் ‘வெஸ்டர்ன் வேர்ட்ஸ்’ அகராதியை வெளியிட்டார். மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

அகராதி பொருளைத்தான் சொல்லும். ஸ்காட்டியின் வாயில் ‘இறந்துவிட்டான்’ என்று எழுதினால் அவனையும் சேர்த்துப் புதைத்த மாதிரி. ‘மண்டையைப் போட்டான்’, ‘டிக்கெட் வாங்கிட்டான்’ என்று நம் தெருப்பேச்சிலும் சாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஸ்காட்டிக்கு வேண்டியது சுரங்கத்துத் தமிழ். அதுவும் இருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் போன தமிழர்கள், 2001இல் மூடப்படும்வரை கோலார் தங்கச் சுரங்கத்தில் தலைமுறைகளாக உழைத்தார்கள். சுரங்கத்துக்குள் பேசிய சொற்கள் அந்த முதியவர்களின் நினைவில் இருக்கும்.

தங்கவயல் குடும்பங்களைச் சேர்ந்த வாசகர்களே, உங்கள் தாத்தாக்களும் அப்பாக்களும் கருவிக்கும் விபத்துக்கும் மேஸ்திரிக்கும் சாவுக்கும் வைத்திருந்த சொற்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். வருபவற்றை ஒன்றுவிடாமல் வெளியிடுவோம். அந்தச் சொற்களைக் கொண்டு ட்வைனின் அந்த அத்தியாயத்தைத் தமிழாக்க முன்வருபவர்களுக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் தருகிறோம்.