குன்றும் ஏலாவும் தோடும்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தை இன்று யாரும் கிராமம் என்று சொல்ல மாட்டார்கள். தலைக்குமேல் 2022-ல் திறந்த பறக்கும் சாலை, கீழே நெரிசல், திரும்பிய பக்கமெல்லாம் அடுக்கு மாடிகள். நல்ல மழை பெய்தால்தான் அடியில் கிடக்கும் பழைய ஊர் தெரியவரும்.

கிழக்கே செம்மண் குன்றுகள். மரச்சீனியும் கொல்லாமரமும் நின்ற மேடு. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏலா, நெல் விளைந்த பள்ளம். ஏலாவின் ஓரமாக ஒரு தோடு, சிற்றோடை. அது காயலைப் போய்ச் சேரும். காயலுக்கும் கடலுக்கும் இடையே மணல் திட்டு. குமரி மாவட்டத்து விளவங்கோட்டுக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். 1956 வரை இரண்டு ஊரும் ஒரே மாநிலம், மண்ணும் ஒரே மண்.

அந்தக் காலத்தில் வீடு மேட்டில், நெல் பள்ளத்தில். அடைமழையில் ஏலா நிறைந்து நிற்கும், மெல்ல வடியும். 1990-ல் உருவான டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகமும் முதலில் வைத்தியன் குன்று என்ற மேட்டில்தான் எழுந்தது. பின்னால் வந்த வீடுகளும் கடைகளும்தான் பள்ளத்தில் இறங்கின. பள்ளத்தை நிரப்ப மண் எங்கிருந்து? குன்றை இடித்துத்தான். மழையைக் குடிக்கும் மேடும் போயிற்று, தண்ணீர் தங்கும் பள்ளமும் போயிற்று. நெல்வயலைக் காக்கக் கேரளம் 2008-ல் சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் எத்தனையோ ஏலாக்கள் தூர்ந்துவிட்டன.

மிஞ்சியது தெற்றியாறு. ஆறு என்று பெயர், இன்று பார்த்தால் ஆகாயத்தாமரை அடைத்த ஒடுங்கிய தோடு. அது போய்ச் சேரும் வேளிக் காயலின் வாயைக் கடல் மணல் மூடிக்கொள்ளும். பொழி என்ற அந்த வாயை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் கடலுக்குப் போகும். 2023 அக்டோபரில் கொட்டிய மழையில் தெற்றியாறு கரைமீறி, டெக்னோபார்க்கைச் சுற்றியுள்ள வீடுகளுக்குள் புகுந்தது. தோட்டை அகலப்படுத்துங்கள், கரைச்சுவர் கட்டுங்கள் என்கிறார்கள். செய்யட்டும். ஆனால் இருக்கும் ஏலாவில் இனி ஒரு லாரி மண்கூட விழக் கூடாது. அதுதான் முதல் வேலை.

நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள், மனை தேடுகிறார்கள். பத்திரத்தில் 'நிலம்' என்றிருந்தால் அது நெல்வயல். 'புரையிடம்' என்றால் மேட்டுப்பாங்கு. பார்த்து வாங்குங்கள். நிரப்பிய மனையில் உங்கள் வீடு நனையாமல் தப்பலாம். அங்கே தங்க வேண்டிய தண்ணீர் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டின் அடுக்களைக்குள்தான் ஏறும். ஐப்பசி மழையில் ஒரு நாள் போய் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.