சி.ஆர்.பி. நோர்மலாம், அப்ப வருத்தமில்லையாம்!

என்ர ரூம்மேற்றுக்கு நாலு மாசமாக விரல் மூட்டுகளில் நோ. காலையில் எழும்பினால் கையைப் பொத்தேலாது. பின்னேரமானால் சாதுவான காய்ச்சல், சரியான அலுப்பு. லீவுக்கு வீட்டுக்குப் போனபோது பக்கத்து லாப்பில் இரத்தம் குடுத்தாள். ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. 3 என்று வந்தது. பக்கத்திலேயே '6 இற்குக் குறைவு' என்று அச்சடித்திருந்தது. அவ்வளவுதான். "உனக்கு ஒரு வருத்தமுமில்லை, கம்பஸுக்குப் போகப் பஞ்சி" என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள்.

அந்த 3 ஐப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நான் கலைப்பீடம், விஞ்ஞானத்தை ஓ.எல்லோடு கைவிட்டவள். ஆனால் ஒரு இலக்கத்தைக் காட்டி ஒரு ஆளின் வாயை மூடலாம் என்றால், அந்த இலக்கம் என்ன சொல்கிறது என்று எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்கவேணும்.

1930 இல் நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் ரில்லெற், தோமஸ் பிரான்சிஸ் என்ற இரண்டு பேர் நியூமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நியூமோனியாவை உண்டாக்கும் பற்றீரியாவில் இருந்து பிரித்த 'சி' என்ற ஒரு பொருளோடு அந்த இரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கலந்தால், ஏதோ ஒன்று படிந்தது. நோய் மாறினவுடன் அப்படிப் படிவதும் நின்றது. 'சி' யோடு தாக்கம் புரிகிற புரதம் என்பதால்தான் சி-றியாக்ரிவ் புரோட்டீன் என்ற பெயர். பிறகு பார்த்தால் அது நியூமோனியாவுக்கு மட்டும் உரியதில்லை. வேறு எத்தனையோ வருத்தங்களிலும் கூடியது.

காரணம் இதுதான். உடம்பில் எங்காவது அழற்சி வந்தால் இன்டர்லியூக்கின்-6 போன்ற பொருட்கள் ஈரலுக்குச் செய்தி அனுப்பும். ஈரல் இந்தப் புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடும். சில மணித்தியாலங்களில் கூடத் தொடங்கி, இரண்டு நாளளவில் உச்சத்துக்குப் போகும். காரணம் தீர்ந்தால், ஏறத்தாழ 19 மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாதியாகக் குறையும். அதனால்தான் வார்ட்டில் டொக்டர்மார் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நேற்று 180, இன்று 90 என்றால் மருந்து வேலை செய்கிறது என்று நம்ப ஒரு காரணம் கிடைக்கிறது. நல்ல ரெஸ்ட்தான், மலிவானதும் கூட. நான் ரெஸ்ட்டோடு சண்டைக்குப் போகவில்லை.

சிக்கல் என்னவென்றால், அது பக்கத்து வளவில் புகை வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். வீடு எரியுதா, குப்பை எரியுதா என்று சொல்லாது. அப்பென்டிசைற்றிசுக்கும் கூடும், ஒப்பரேசன் செய்தாலும் கூடும். சிகரெட் பிடித்தாலும், உடம்பு பெருத்தாலும், முரசு வீங்கியிருந்தாலும் கொஞ்சம் கூடும். 100 ஐத் தாண்டினால் பற்றீரியாவாக இருக்கலாம் என்ற சந்தேகம் பலமாகும், ஆனால் அதுவும் சந்தேகம்தான். "சி.ஆர்.பி. கூடிட்டுது" என்று ரிப்போர்ட்டைப் பாமசியில் காட்டி அன்ரிபயோற்றிக் வாங்குகிற ஆக்கள் இதை யோசிக்கவேணும். இன்னொன்று, அலகைப் பாருங்கோ. சில லாப் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று போடும், சில லாப் டெசிலீற்றருக்குப் போடும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஒன்றில் 3 என்பது நோர்மல், மற்றதில் அதே 3 என்பது 30!

இருதய வருத்தத்துக்கும் இதைப் பார்க்கிறார்கள். அதற்கு மிகச் சிறிய அளவையும் பிடிக்கிற வேறொரு ரெஸ்ட் உண்டு. அதில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்துக் குறைவு, 3 இற்கு மேலே என்றால் கூட. ஆனால் மரபணுக்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகள், இந்தப் புரதம் தானாகவே இருதய வருத்தத்தை உண்டாக்குவதாகக் காட்டவில்லை. அங்கேயும் அது புகைதான். நெருப்பு வேறெங்கோ.

சரி, புகையே தெரியாவிட்டால் நெருப்பில்லை என்று சொல்லலாமா? அதுதான் என்ர ரூம்மேற்றின் கதை. திரும்பி வந்த பிறகும் நோ நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் இழுத்துக்கொண்டுபோய் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டினோம். அங்கே இருந்த டொக்டர் ரிப்போர்ட்டை ஒருக்காப் பார்த்துப்போட்டு ஒரு பக்கம் வைத்தார். அவளின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். வெயிலில் போனால் முகம் சிவக்கிறதா, தலைமயிர் கொட்டுகிறதா, வாயில் புண் வாறதா என்று கேட்டார். எல்லாத்துக்கும் "ஓம்". பிறகு ஈ.எஸ்.ஆர்., ஏ.என்.ஏ., சலம் என்று வேறு பரிசோதனைகள். முடிவில் லூபஸ்.

லூபஸ் உடம்பே தன்னைத் தாக்குகிற வருத்தம். அது மும்முரமாக இருக்கும்போதும் கனபேருக்கு சி.ஆர்.பி. பெரிதாக ஏறுவதில்லை. ஈ.எஸ்.ஆர். ஏறும், இது பேசாமல் இருக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை போகும். லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் பெண்கள், அதிலும் கனபேர் எங்கட வயதுப் பெட்டைகள். "பஞ்சி", "சோதினைப் பயம்", "மனப்பிரமை" என்ற பட்டங்கள் சுகமாக ஒட்டுகிறதும் இந்த வயதுப் பெட்டைகளில்தான். அதுக்குமேல் ஒரு நோர்மல் ரிப்போர்ட்டும் கிடைத்தால் கதை முடிந்தது.

ரிப்போர்ட்டை ஆள் சொல்லுறதோடு சேர்த்து வாசிக்கவேணும். இரண்டும் ஒத்துவராவிட்டால் முதலில் சந்தேகப்படவேண்டியது ஆளையா? நாலு மாசம் ஒரு பிள்ளை நோகுது எண்டு சொன்னால், அதுவும் ஒரு தகவல்தான். அதை அளக்க லாப்பில் மெசின் இல்லை, அவ்வளவுதான்.

அவள் இப்ப மருந்தில் இருக்கிறாள், லெக்சருக்கும் வாறாள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவளின் அம்மா ஊரில் இருந்து பஸ் ஏறி வருவா. போனமுறை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினவ, பிரிக்காமல் பாக்குக்குள் வைத்துவிட்டு, "கை இப்ப எப்பிடியடி?" என்று முதலில் கேட்டா.